ஆண் உடம்பு, பெண் உடம்பு, வைரஸ் காய்ச்சல்: லேப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். காய்ச்சல் சீசன் வந்தால் ஒரே சந்தேகத்தை ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள், அதிலும் ஆண் பெண் வித்தியாசம் பற்றி நிறைய. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, படித்துத் தெரிந்துகொண்ட பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை, ஊசி விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

"அக்கா, வைரஸ் என்ன ஆம்பளை பொம்பளை பாத்தா வருது? காய்ச்சல்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

வைரஸ் ஆள் பார்த்து வராதுதான். ஆனால் ஒரே வைரஸ் ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் வந்தாலும், உடம்பு அதைக் கண்டுபிடிக்கிற வேகம், எதிர்க்கிற பலம், எல்லாம் முடிந்து அடங்குவதற்கு ஆகிற நேரம் மூன்றும் மாறும். வயது, சர்க்கரை நோய், முன்னால் போட்ட தடுப்பூசி இதெல்லாம் காய்ச்சலின் போக்கை மாற்றும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆணா பெண்ணா என்பதும் அதே வரிசையில் வரவேண்டியது, ஏனோ யாரும் கேட்பதில்லை.

இதில் இரண்டு சமாசாரம் கலந்து கிடக்கிறது. உடம்பின் அமைப்பு ஒன்று. வாழ்கிற விதம் இன்னொன்று, அதாவது யார் கடலுக்குப் போகிறார், யார் பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார், யார் காய்ச்சல் வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்பது. முடிந்த இடத்தில் பிரித்துச் சொல்கிறேன்.

"பொம்பளைங்களுக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தின்னு டிவியில சொன்னாங்க, நெசமாவா?"

சராசரியாகப் பார்த்தால் நிஜம். வைரஸ் நுழைந்ததும் முதலில் கிளம்புகிற புரதங்களில் ஒன்று இன்டர்ஃபெரான். பக்கத்தில் இருக்கிற செல்களை உஷார்ப்படுத்துவது அதன் வேலை. பெண்களின் ரத்தத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட வகை வெள்ளணுவைப் பிரித்து, வைரஸின் ஆர்.என்.ஏ. (அதன் மரபுப் பொருள்) மாதிரியான ஒன்றைக் கொண்டு தூண்டினால், ஆண்களின் அணுக்களைவிட அதிக இன்டர்ஃபெரான் வருகிறது. அதற்குப் பிறகு உருவாகிற ஆன்டிபாடியும், அதாவது வைரஸைப் பிடித்து முடக்குகிற புரதமும், பெண்களுக்குப் பொதுவாகக் கூடுதல்.

ஆனால் கூடுதல் எதிர்ப்பு எல்லா நேரமும் லாபம் என்று நினைத்துவிட வேண்டாம். இழுவை மடியில் இறாலோடு குஞ்சும் குப்பையும் சேர்ந்து வருகிற மாதிரி, வேகமான எதிர்ப்பு சில நேரம் சொந்த உடம்பின் திசுவையும் வாரிக்கொண்டு போகும். தன் உடம்பைத் தானே தாக்குகிற நோய்கள் வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள், லூபஸ் என்கிற நோயில் பத்தில் ஒன்பது பேர். கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு இதுதான் அடிப்படை.

"ரெண்டு எக்ஸ் குரோமோசோம்ல ஒண்ணு வேலை செய்யாம அடங்கிடும்னு பிளஸ் டூல படிச்சேனே. அப்புறம் எப்படி பொண்ணுங்களுக்கு மட்டும் கூடுதல்?"

கேட்டது காலேஜில் சேரப் போகிற பெண். நல்ல கேள்வி, பாடத்தை மனப்பாடம் செய்யாமல் படித்திருக்கிறாள். மரபணுக்களைத் தாங்குகிற குரோமோசோம்களில் எக்ஸ் என்பது பெண்ணுக்கு இரண்டு; ஒவ்வொரு செல்லிலும் அதில் ஒன்று அடக்கப்படுகிறது என்று மரபியல் விஞ்ஞானி மேரி லயன் 1961ல் சொன்னார், அது சரிதான். ஆனால் முழுசாக அடங்குவதில்லை. அடங்கிய எக்ஸிலும் சுமார் 15 சதவீத மரபணுக்கள் தப்பித்து வேலை செய்துகொண்டிருக்கின்றன. நோய் எதிர்ப்புக்கான மரபணுக்கள் எக்ஸில் கணிசமாக இருக்கின்றன. அதில் டிஎல்ஆர்-7 என்பது வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கிற ஒன்று. அது பெண்களின் சில எதிர்ப்பு அணுக்களில் இரண்டு எக்ஸிலிருந்தும் வேலை செய்கிறது என்று 2018ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ். அதில் பழுது என்றால் மாற்று கிடையாது. 2020ல் நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களில் அண்ணன் தம்பிகள் நான்கு பேர் கொரோனாவில் ஐ.சி.யூ. வரை போனார்கள். நான்கு பேருமே இளவட்டம், முன்னால் எந்த நோயும் இல்லாதவர்கள். ஒருவர் இறந்துபோனார். பரிசோதித்ததில் நால்வருக்கும் டிஎல்ஆர்-7 மரபணுவில் பழுது இருந்தது.

இன்னொன்று. எக்ஸை அடக்குகிற வேலையைச் செய்கிற ஆர்.என்.ஏ.வுடன் ஒட்டியிருக்கிற புரதங்களே, தன்னைத் தானே தாக்குகிற நோய்களைத் தூண்டலாம் என்று 2024ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. ஆண் எலிகளில் அந்த ஆர்.என்.ஏ.வை உண்டாக்கிப் பார்த்தே இதைச் சொன்னார்கள்.

"எல்லாம் ஹார்மோன் பண்ற வேலைன்னு எங்க சார் சொல்றாரே?"

பாதி சரி. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பொதுவாக எதிர்ப்பு அணுக்களை முடுக்கிவிடும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அடக்கி வைக்கும். ஃப்ளூ தடுப்பூசி போட்ட ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம் இருந்தவர்களுக்கே ஆன்டிபாடி குறைவாக வந்தது என்று 2014ல் ஓர் ஆய்வு வெளியானது.

ஹார்மோன் மட்டும்தான் காரணம் என்றால் சின்னப் பிள்ளைகளிடம் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஆனால் கைக்குழந்தைகளில், நெஞ்சுச்சளி வைரஸ் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போவது பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள்தான் அதிகம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுக்கு இருந்த சாதகம் குறைகிறது, ஆனால் முழுசாகப் போவதில்லை. ஆக மரபணுவும் ஹார்மோனும் சேர்ந்துதான்.

"கொரோனால எங்க தெருவுல போனது அத்தனையும் ஆம்பளைங்க. பீடி, குடியாலயா? இல்ல உடம்பே அப்படியா?"

இது எல்லா ஊரிலும் கேட்கிற கேள்வி. 2020 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்ன கணக்கில், இந்தியாவில் அதுவரை கொரோனாவில் இறந்தவர்களில் 64 சதவீதம் ஆண்கள். பழக்கவழக்கத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவே முடியாது. 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி ஆண்களில் 42.4 சதவீதம் பேருக்கும் பெண்களில் 14.2 சதவீதம் பேருக்கும் ஏதோ ஒரு புகையிலைப் பழக்கம். அதோடு நம் பக்கத்து ஆண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற லட்சணம் தெரியும். கடலுக்குப் போகிற நாளை விட்டால் பங்கு போச்சு என்று காய்ச்சலோடேயே படகு ஏறி, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு வருவார்கள்.

ஆனால் எலி பீடி குடிக்காது. கொரோனா வகையைச் சேர்ந்த 2003 சார்ஸ் வைரஸை வைத்து அமெரிக்காவின் அயோவாவில் செய்து 2017ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு வைரஸ் கொடுத்தும் ஆண் எலிகளே அதிகம் செத்தன. பெண் எலிகளின் சினைப்பையை எடுத்துவிட்டாலோ ஈஸ்ட்ரோஜன் வேலை செய்ய விடாமல் தடுத்தாலோ அவையும் கூடுதலாகச் செத்தன. ஆண் எலிகளுக்கு விதையை எடுத்துப் பார்த்தார்கள், பலன் ஒன்றும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் இருந்ததுதான் காப்பாற்றியிருக்கிறது, ஆண் ஹார்மோனைக் குறை சொல்ல அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

மனிதர்களில் இதைவிடப் பளிச்சென்று ஒரு கண்டுபிடிப்பு உண்டு. கொரோனாவில் உயிருக்குப் போராடிய 987 பேரைச் சோதித்ததில் 101 பேரின் ரத்தத்தில், மேலே சொன்ன இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்கிற ஆன்டிபாடி இருந்தது. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். தன்னைத் தானே தாக்குவது பெண்களுக்கே அதிகம் என்று சொல்லிவிட்டு இங்கே தலைகீழாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆமாம், தலைகீழ்தான். இந்த ஒரு வகையில் ஆண்கள், அதிலும் வயதானவர்கள், மாட்டிக்கொள்கிறார்கள்.

"டெங்கு கொசு யாரை அதிகம் கடிக்கும்?"

பகலில் வீட்டைச் சுற்றி யார் இருக்கிறார்களோ அவர்களை. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், வீட்டிலேயே நல்ல தண்ணீரில் முட்டையிடும். நம் பக்கம் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் வருகிறது, வராத நாளுக்குத் தள்ளுவண்டியில் குடம் குடமாக ஏற்றி வந்து நீல டிரம்மில் நிரப்பி வைக்கிறோம். அந்த டிரம்மின் உள்பக்கத்து விளிம்பில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே விரலால் தடவிப் பாருங்கள், கறுப்பாகப் பொடி மாதிரி ஒட்டும். அது முட்டை. தண்ணீரை ஊற்றிவிட்டால் போகாது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும், காய்ந்து கிடந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். கரையில் ஏற்றிப் போட்ட வள்ளத்துக்குள்ளும், உடைந்த மீன் பெட்டியிலும் ஐப்பசி மழைத் தண்ணீர் நின்றால் அங்கேயும் இதே கதை.

இவ்வளவு இருந்தும் ஆஸ்பத்திரிக் கணக்கில் பல ஆசிய நாடுகளில் பெரியவர்களில் டெங்கு என்று பதிவாவது ஆண்கள்தான் சற்று அதிகம். ஆண்கள் வெளியில் கடி வாங்குவது ஒரு காரணமாக இருக்கலாம், பெண்கள் கஷாயத்தோடு வீட்டிலேயே படுத்துக்கொள்வதும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு பக்கம், நிலைமை முற்றி ரத்த அழுத்தம் இறங்கி அதிர்ச்சி நிலைக்குப் போகிறவர்களில் பெண்கள் பங்கு கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. டெங்குவில் ரத்தக் குழாய் கசிவதற்கு வைரஸோடு சேர்ந்து நம் எதிர்ப்பின் ஆவேசமும் காரணம், அதனால் இதில் ஆச்சரியம் இல்லை.

பெண்கள் சொல்ல வெட்கப்படுகிற ஒன்று: டெங்கு நேரத்தில் மாதவிடாய் வந்து வழக்கத்தைவிட அதிகம் போனால் அது டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டிய அபாய அறிகுறி. "அது நாள் கணக்குக்கு வந்ததுதான்" என்று விடக் கூடாது. டெங்கு இல்லை என்று தெரிகிறவரை வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் கடையில் வாங்கிப் போட வேண்டாம், யாராக இருந்தாலும்.

"சிக்குன்குனியா வந்து ஒரு வருசம் ஆச்சு, இன்னும் விரல மடக்க முடியல. வீட்ல நடிக்கிறேன்னு சொல்றாங்கக்கா."

பாம்பன் பக்கம் பாசி எடுக்கிற அம்மா கேட்டது. முங்கிப் போய்ப் பாறையில் இருந்து பாசியைப் பிய்க்க விரலில் துணி சுற்றிக் கட்டுவார்கள்; காலையில் அந்தத் துணியைக் கட்டவே மகள் வேண்டியிருக்கிறதாம். விரல் கணு எல்லாம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. நடிப்பில் கணு வீங்குமா?

2006ல் இந்தியாவில் சிக்குன்குனியா திரும்பி வந்தபோது சுமார் 14 லட்சம் பேருக்குச் சந்தேகப் பதிவு ஆனது. அந்த அலையிலும் அதற்குப் பின் வேறு நாடுகளிலும் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற விஷயம், மூட்டு வலி மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் நீடிப்பது பெண்களுக்கு, அதிலும் 40 தாண்டியவர்களுக்கு அதிகம் என்பது. காய்ச்சல் போன பிறகும் எதிர்ப்பு அடங்காமல் மூட்டுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதே பொதுவான விளக்கம். கொரோனாவுக்குப் பிறகு மாதக் கணக்கில் அசதி, மூச்சிரைப்பு, மறதி என்று கஷ்டப்பட்டவர்களிலும் பெண்களே அதிகம்.

மூன்று மாதத்துக்கு மேல் வலியும் காலை நேர விறைப்பும் இருந்தால் மூட்டு வாத டாக்டரைப் பார்க்க வேண்டும். சிலருக்கு சிக்குன்குனியாவுக்குப் பின்னால் முடக்கு வாதம் போலவே தெரியும், அதைப் பிரித்துப் பார்க்கப் பரிசோதனைகள் உண்டு. வலி ஊசி போட்டுக்கொண்டே காலத்தை ஓட்ட வேண்டாம், கிட்னி தாங்காது.

"எங்க வீட்டுக்காரருக்கு லேசா சளி பிடிச்சாலே மூணு நாள் படுக்கை. எனக்கு வந்தா சோறு நானேதான் பொங்கணும். இதுவும் ஹார்மோனா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கேள்வி சரியான கேள்வி. எதிர்ப்பு குறைவு என்றால் ஆணுக்கு நோய் கொஞ்சம் கடுமையாகலாம் என்று ஒரு வாதம் உண்டு. ஆனால் காய்ச்சல், உடம்பு வலி, அசதி எல்லாம் பெரும்பாலும் நம் எதிர்ப்பு உண்டாக்குகிறவை, அந்தக் கணக்கில் பெண்ணுக்கல்லவா அதிகம் வலிக்க வேண்டும்? சாதாரண சளி விஷயத்தில் ஆணுக்குக் கூடுதல் வேதனை என்று நிரூபணம் ஆகவில்லை. உங்கள் வீட்டுக்காரர் எழுந்து ஒரு உலை வைக்கலாம்.

"மாசமா இருக்கும்போது எதிர்ப்புச் சக்தியே இருக்காதாமே?"

இருக்கும். குழந்தையை அந்நியப் பொருள் என்று தாக்காமல் இருக்க உடம்பு எதிர்ப்பின் சில பகுதிகளைத் தணித்து வேறு சிலதை ஏற்றி வைக்கிறது. கூடவே வயிறு மேலே தள்ளுவதால் நுரையீரலுக்கு இடம் குறைகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது. அதனால் ஃப்ளூ மாதிரி மூச்சுக் குழாயைத் தாக்குகிற வைரஸ் கர்ப்பிணிக்கு மோசமாகப் போகும். 2009 பன்றிக் காய்ச்சலில் அதைக் கண்ணால் பார்த்தோம். சின்னம்மை வந்தாலும் நிமோனியா ஆபத்து உண்டு. வேப்பிலை படுக்கையும் இளநீரும் கொடுங்கள், சாமி கும்பிடுங்கள், அதோடு முதல் நாளே டாக்டரிடமும் காட்டுங்கள். முதல் மூன்று மாதத்தில் ரூபெல்லா வந்தால் தாய்க்கு லேசான தடிப்போடு போய்விடும், பிள்ளையின் கண், காது, இதயத்தைப் பிடிக்கும். 2017ல் பள்ளிக்கூடங்களில் பையன்களுக்கும் சேர்த்து தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டதன் நோக்கம், அந்த வைரஸ் ஊருக்குள் சுற்றாமல் செய்வதுதான்.

எனக்கு அதிகம் பயம் தருவது ஹெபடைடிஸ் ஈ. கழிவு கலந்த குடிதண்ணீரில் வருகிற மஞ்சள் காமாலை. மற்றவர்களுக்குச் சில வாரத்தில் சரியாகிப் போகிற அதே நோயில், கடைசி மூன்று மாதத்தில் இருக்கிற கர்ப்பிணிகள் 100ல் 20 முதல் 25 பேர் வரை இறக்கலாம். ஹார்மோன் மாற்றமும் எதிர்ப்பின் மாற்றமும் சேர்ந்து என்று சொல்கிறார்கள், முழு விடை இன்னும் இல்லை. கர்ப்பிணி இருக்கிற வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். கண் மஞ்சளானால் கீழாநெல்லியோடு நாள் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

"மஞ்சள் காமாலை பி வகை ஆம்பளைங்களுக்குத்தான் ஈரலைக் கெடுக்குமாமே?"

இருவருக்கும் கெடுக்கும், ஆணுக்குக் கூடுதல். ஹெபடைடிஸ் பி நாள்பட்டு ஈரல் புற்றுநோயாக மாறுவது ஆண்களில் இரண்டு மூன்று மடங்கு அதிகம். குடியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, அந்த வைரஸின் மரபணுவிலேயே ஆண் ஹார்மோன் வந்து முடுக்கிவிடுகிற இடம் இருக்கிறது. பிறந்து 24 மணி நேரத்துக்குள் போடுகிற ஊசிதான் பெரிய தடுப்பு. பச்சைக் குழந்தையில் தொற்றினால் 10ல் 9 பேருக்கு நாள்பட்டுத் தங்கிவிடும், பெரியவர்களில் 20ல் ஒருவருக்கும் குறைவுதான்.

"பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி. பின்னாடி பிள்ளை பிறக்காதுன்னு மாமியார் பயமுறுத்துறாங்க."

பையனுக்கு என்ன வயது? ஏழு எட்டு வயதுப் பிள்ளை என்றால் அந்தப் பயம் வேண்டாம். வயசுக்கு வந்த பிறகு வந்தால், தடுப்பூசி போடாதவர்களில் 100ல் 15 முதல் 30 பேருக்கு விதை வீங்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். பிள்ளையே பிறக்காமல் போவது அபூர்வம். பெண்களுக்கும் சினைப்பை வீங்குவது உண்டு, ஆனால் குறைவு. அரசு அட்டவணையில் போடுகிற ஊசியில் தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும்தான். பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த ஊசி வேண்டுமென்றால் தனியாரில் கேட்க வேண்டும். கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவதில் கெடுதல் இல்லை, பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போட்டு அனுப்பாதீர்கள், சங்கிலிக்கும் பாதுகாப்பு இல்லை, மற்றப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு இல்லை.

"அக்கி பொம்பளைங்களுக்குத்தான் அதிகம் வருதா? எழுதிட்டா போயிடுமா?"

பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம், அது பல நாட்டுக் கணக்கிலும் இருக்கிறது. சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்புக்குள் அடங்கிக் கிடந்து எதிர்ப்பு தளரும்போது திரும்பி வருவதுதான் அக்கி. எதிர்ப்பு பலமான பெண்ணுக்கு ஏன் அதிகம் என்பதற்கு ஒழுங்கான விளக்கம் யாரும் தரவில்லை. காவி குழைத்து எழுதுவதால் எரிச்சல் தணிகிற மாதிரி இருக்கலாம், வைரஸ் கேட்காது. 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால்தான் நல்ல பலன். கண் பக்கம் வந்தால் அன்றைக்கே கண் டாக்டர்.

"வாப்பா சவுதியில இருக்காங்க. ஒட்டகக் காய்ச்சல் ஆம்பளைங்களுக்குத்தான் வரும்னு சொல்றாங்களே, லாத்தா?"

மெர்ஸ் என்கிற கொரோனா வகை, 2012ல் சவுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. தெரிய வந்த நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள், மொத்த நோயாளிகளில் சுமார் 35 சதவீதம் பேர் இறந்தார்கள். இங்கே வாழ்கிற விதத்தின் கை ஓங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. அங்கே ஒட்டகத்தை மேய்ப்பது, கறப்பது, அறுப்பது எல்லாம் பெரும்பாலும் ஆண்கள் வேலை. சர்க்கரை, கிட்னிக் கோளாறு இருப்பவர்களுக்கே அதிக ஆபத்து. வாப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் ஒட்டகப் பண்ணைக்குப் போகாமலும் காய்ச்சாத ஒட்டகப் பால் குடிக்காமலும் இருக்கச் சொல்லுங்கள். உம்ரா போகிறவர்களுக்கும் இதேதான்.

"ஹெச்.ஐ.வி.யும் பொம்பளைங்களுக்கு மெதுவாத்தான் போகுமா?"

அப்படித்தான் ஆரம்பத்தில் நினைத்தார்கள். தொற்றின் முதல் வருடங்களில் பெண்களின் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை ஆண்களைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் எய்ட்ஸ் நிலைக்குப் போகிற வேகம் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்று, அதாவது ஒரே வைரஸ் எண்ணிக்கை என்றால் பெண்ணுக்கே ஆபத்து கூடுதல். வைரஸ் எண்ணிக்கையைப் பார்த்து மருந்து ஆரம்பித்த காலத்தில் இதனால் பெண்களுக்குத் தாமதமானது. இந்தியாவில் 2017 முதல் எண்ணிக்கை எவ்வளவு என்று பார்க்காமல், உறுதியானதும் எல்லோருக்கும் இலவசமாக மருந்து கொடுக்கிறார்கள், அதனால் அந்தச் சிக்கல் இப்போது இல்லை.

"ஊசி போட்டா எனக்கு மட்டும் ரெண்டு நாள் காய்ச்சல். அப்ப பொம்பளைங்களுக்குப் பாதி ஊசி போதும்தானே?"

ஊசிக்குப் பிறகு காய்ச்சல், கை வலி, வீக்கம் பெண்களுக்கு அதிகம் என்பது பல தடுப்பூசிகளில் பதிவானது. காரணம் மேலே இரண்டாவது கேள்வியில் சொன்னதுதான். விதிவிலக்கும் உண்டு: எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனா ஊசிக்குப் பின் அரிதாக வந்த இதயத் தசை அழற்சி இளைஞர்களுக்கே, ஆண்களுக்கே அதிகம். நம் ஊரில் பெரும்பாலும் எல்லோரும் போட்டுக்கொண்டது கோவிஷீல்டும் கோவாக்சினும்.

பாதி ஊசி யோசனையைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2008ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஃப்ளூ ஊசியில் பாதி அளவு போட்ட பெண்களுக்கு, முழு அளவு போட்ட ஆண்களுக்கு இணையாக ஆன்டிபாடி வந்தது. இருந்தும் அட்டவணை மாறவில்லை. ஆன்டிபாடி அளவு ஒன்றை வைத்துப் பாதுகாப்பு எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். அளவோடு விளையாடினால் என்ன ஆகும் என்பதற்கு மறுபக்கத்தில் ஓர் அனுபவமும் இருக்கிறது. தட்டம்மைக்கு வீரியம் கூட்டிய ஒரு ஊசியைச் சில நாடுகளில் கொடுத்தபோது, போட்டுக்கொண்ட பெண் குழந்தைகளில் பின்னாளில் இறப்பு கூடியிருந்ததைக் கவனித்து 1992ல் உலக சுகாதார நிறுவனம் அதை நிறுத்தியது. இப்போது போடுகிற தட்டம்மை ஊசி அது இல்லை, தைரியமாகப் போடுங்கள்.

"அப்போ ஆம்பளைக்குப் பெண் ஹார்மோன் கொடுத்தா வைரஸ்ல இருந்து தப்பிச்சிடலாமே? மாறினவங்களுக்கு என்ன ஆகும்?"

கொரோனா நேரத்தில் நிறையப் பேருக்கு இதே யோசனை வந்தது. ஆண் ஹார்மோனை அடக்குகிற மருந்தை ஆஸ்பத்திரியில் இருந்த 96 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் சோதித்தார்கள், 2022ல் முடிவு வந்தது: பலன் இல்லை. எதிர்ப்பு என்பது பிறந்ததிலிருந்து மரபணுவும் ஹார்மோனும் சேர்ந்து கட்டியது, ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு ஒரு ஊசியில் மாற்றிவிட முடியவில்லை.

நீண்ட காலம் எடுத்தால் மாற்றம் தெரிகிறது. டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்கிற திருநம்பிகளை (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவர்களை) ஸ்வீடனில் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து 2024ல் எழுதினார்கள். இன்டர்ஃபெரான் பாதை தணிந்து, அழற்சியை உண்டாக்குகிற வேறொரு பாதை ஏறியது. மரபணு அதேதான், ஹார்மோன் மட்டும் மாறியது என்பதால் இந்த ஆய்வு முக்கியமானது. இதற்காக யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம், தடுப்பூசிகளை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டால் போதும்.

"ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்னு இருக்கு, ஆனா டாக்டர் அட்மிட் பண்ணச் சொல்றார். காசு பிடுங்கத்தானே?"

நானே பதில் சொல்ல ஆசைப்படுகிற கேள்வி. டெங்குவில் எல்லோரும் பிளேட்லெட்டைப் பார்த்துப் பதறுகிறார்கள், பக்கத்தில் இருக்கிற பி.சி.வி. எண்ணை யாரும் பார்ப்பதில்லை. ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கிறது என்பது அது. குழாய் கசிந்து தண்ணீர்ச் சத்து வெளியேறினால் ரத்தம் கெட்டியாகி அந்த எண் ஏறும். அந்த ஆளின் வழக்கமான அளவைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு என்று கணக்கு.

இங்கேதான் பெண்களின் ஆபத்து கண்ணில் படாமல் போகிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அப்படிப்பட்ட ஒருவருக்கு வழக்கமான பி.சி.வி. 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கசிவு வந்து 36 ஆனால் 20 சதவீதம் ஏறிவிட்டது, ஆனால் ரிப்போர்ட்டில் பெண்களுக்கான நார்மல் 36ல் ஆரம்பிக்கிறது. தடித்த எழுத்தும் இல்லை, அம்புக்குறியும் இல்லை, பார்க்க அழகாக இருக்கும். அதே 36 ஓர் ஆணின் ரிப்போர்ட்டில் குறைவு என்று வரும், அது வேறு அர்த்தம். காய்ச்சல் விடுகிற நாளில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் இந்தக் கசிவு நடக்கும். காய்ச்சல் விட்டாச்சு, இனி பயமில்லை என்று நினைக்கிற நேரம் பார்த்து.

அதனால் முதல் நாள் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். போன வருடத்து ரிப்போர்ட், பிரசவத்துக்கு முன்னால் எடுத்தது, முகாமில் எடுத்தது எது இருந்தாலும் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். பழைய எண் இருந்தால்தான் புது எண் ஏறியதா இறங்கியதா என்று டாக்டரால் சொல்ல முடியும்.